நிலவறைக் கிண்ணம்

நொச்சி சூடவில்லை அவர்கள்.
பிர்கு நகரத்தார் தலையில் சூடியது
உடைந்த மதிலின் சுண்ணாம்புத் தூசி.
இமையில், ரொட்டியில்,
பால் குடிக்கும் பிள்ளையின் வாயோரத்தில்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை
மால்ட்டாவில் கடல் காணாமல் போனது.
பாய்கள் மட்டும் தெரிந்தன.
எண்ணத் தொடங்கிய மணிக்காரன் மாசி
நூற்று எண்பதில் நிறுத்திவிட்டு
இறங்கிப் போய்த் தன் கதவில் ஆணியடித்தான்.

நம் ஓர் ஆளுக்கு அவர்கள் நாலு பேர் என்றார்கள்.
இல்லை, ஐந்து.
கரீத்தாவின் கணக்கு வேறு:
ஒரு தொட்டி நீர், பதினொரு வாய்.

கணவன் நார்து அக்கரைக் கோட்டையில்.
ஒரு மாதம், இரவுதோறும், அங்கே நெருப்பு.
நெருப்புத் தெரிந்தால் ஆள் இருக்கிறது என்று பொருள்.
அருளப்பர் திருநாளுக்கு முந்தின இரவு
அக்கரை இருண்டு கிடந்தது.
அவள் அழவில்லை.
அவன் செருப்பை அண்டை வீட்டுப் பையனுக்குக் கொடுத்தாள்.
பெரிதாக இருந்தது, துணி வைத்து அடைத்துக்கொண்டான்.

ஜூலையில் அவளுக்கு வேலை வந்தது:
மதிலடி நிலவறை. ஒரு செம்புக் கிண்ணம்.
விளிம்புவரை நீர்.
"பார்த்துக்கொண்டிரு. அசைந்தால் கத்து."

எல்லாம்தான் அசைத்தது.
பீரங்கி என்றால் வட்டமாய் வந்து வட்டமாய்ப் போகும்.
கழுதை நடந்தால் ஒரு சுளிப்பு.
மேலே பெண்கள் கல் சுமந்து ஓடினால்
மழை தூறியது போல.
மண்ணுக்கடியில் உளி என்றால்
நடுவில் மட்டும் ஒரு முள் எழும்,
அடங்கும், எழும்.

தாகம் நாக்கை மரப்பட்டையாக்கியது.
குடிக்கக் கூடாத நீருக்குக்
காவல் இருப்பது போலொரு காவல்
மதில்மேல் எவனுக்கும் இல்லை.

ஆகஸ்டில், விடியுமுன், முள் எழுந்தது.
காதைப் பாறையில் வைத்தாள்.
உளி. உளி. இருமல்.
இருமலுக்கு நடுவே ஒரு குரல்
"அல்லா" என்றது. பிறகு, "மா."

அவள் மொழியிலும் கடவுளுக்குப் பெயர் அல்லா.
ஞாயிறுதோறும் சிலுவைக்கு முன்னால்
அவள் அழைப்பதும் அந்தப் பெயரைத்தான்.
நீருக்கும் அதே சொல், ஓரெழுத்து முன்னே பின்னே.
நைல் கரையில் வாய்க்கால் வெட்டியவனோ,
திரிப்போலியில் கிணறு தோண்டியவனோ,
சுல்தானின் ஏட்டில் எத்தனையாவது ஆளோ,
இரண்டு முழப் பாறைக்கு அப்பால்
அவள் தொண்டை அவனிடமும் இருந்தது.

ஒரு மூச்சு பொறுத்தாள்.
அந்த ஒரு மூச்சைப் பற்றிப்
பாதிரியாரிடமும் பிறகு சொன்னதில்லை.

கத்தினாள்.

ஓடி வந்தார்கள்,
பீப்பாய் செய்கிறவர்கள், மீன்காரர்கள்,
முந்தின நாள்தான் கடலுக்குள் கத்தியைக் கவ்விக்கொண்டு நீந்தி
எதிரி நீச்சல்காரரோடு மல்லுக்கட்டி மீண்டவர்கள்,
தார் தோய்த்த வளையங்களோடு.
செருப்புப் பெரிதான பையனும்.
பாறை திறந்தது. புகை.
பையன் திரும்பியபோது காலில் ஒற்றைச் செருப்பு.
மற்றது எங்கே என்று அவள் கேட்கவில்லை.

செப்டம்பரில் கடல் மறுபடி தெரிந்தது.
மணி அடித்தார்கள், மிஞ்சியிருந்த ஒரே மணியை.
வென்றோம் என்றான் ஒருவன்.
மற்றவர்கள் அந்தச் சொல்லைத்
தவிட்டு ரொட்டி போல
வாயில் போட்டு மென்று பார்த்தார்கள்.

கரீத்தா படியிறங்கினாள்.
கிண்ணத்தில் தூசி படிந்த நீர். அசைவில்லை.
பாதியைக் குடித்தாள். செம்பு நாற்றம்.
மீதியை
அடைத்த சுவரின் அடியில் ஊற்றினாள்.

கொத்தன் திட்டினான்:
காய விடு, பெண்ணே.
சாந்து கரைகிறது பார்.
இன்னும் நூறு ஓட்டை இருக்கிறது எனக்கு.