முடிவுத் திகதி

வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும்
இருபத்து நான்கு வீடுகளும் வருகிற பங்குனியில் முடிந்தன.
சனிக்கிழமை கோப்பைத் திறந்தால்
2063 பங்குனி.

மஸ்கெலியாவில் மழை.
பழைய பிள்ளைக்காம்பராதான் எங்கள் அலுவலகம்.
தகரத்தில் விழுகிற சத்தத்தில்
ஹேமால் போனில் சொல்வது பாதிதான் கேட்கிறது:
"திங்கட்கிழமை... அமைச்சிலிருந்து... பிரிண்ட் எடுத்து..."
தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் தொங்குகிற
உத்திரத்தின் கீழ் உட்கார்ந்து
முப்பத்தாறு வருடங்களைத் தேடுகிறேன்.

எதையும் தொடுமுன் ஒரு பிரதி.
போன மாதம் கரண்ட் போனபோது
ஒரு முழு நாளும் கூடவே போனது.
பிரதிக்குத் திகதியைப் பெயராய் வைக்க வேண்டும்.
'கடைசி', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி' என்று
தினேந்திர வைத்த மூன்றில்
எது கடைசி என்று அவருக்கே தெரியாது.

பிறகு நாட்காட்டி.
மென்பொருள் பிறந்த ஊரில் போயா இல்லை.
முழுநிலவன்று கொங்கிறீட் போடச் சொல்கிறது.
மாரியம்மன் தேர் இறங்கும் பாதையில்
அதே நாள், அதே நேரம்
மணல் லொறியை ஏறச் சொல்கிறது.
விடுமுறைகளை ஒவ்வொன்றாய் நானே பதித்தேன்.
மழைக்கு மட்டும் கட்டம் இல்லை.
வைகாசி தொடங்கி ஆவணி வரை
வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்று
பொய்யுமில்லாத மெய்யுமில்லாத ஒரு கணக்கு.

நாட்காட்டி சரி.
இன்னும் 2063.

ஆட்கள்.
சவரிமுத்து பாஸ் ஒரே செவ்வாய்க்கிழமை
மூன்று வீட்டில் சுவர் எழுப்புகிறார்;
அவர் வரிசையில் ஒரு சின்னச் சிவப்பு மனிதன்.
'சமப்படுத்து' பொத்தானை அவசரத்தில் அழுத்தக்கூடாது,
கேட்காமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் பின்னே தள்ளும்.
ஐம்பது வீதம் என்று ஆளைப் பிரித்துப் போடலாம்.
ஐம்பது வீதம்.
எங்களிடம் அதற்கு முன்பே ஒரு சொல் இருந்தது:
அரைப்பேர்.
கொழுந்து நிறை குறைந்த நாட்களில்
அம்மாவின் கணக்கில் விழுந்த சொல்.
அந்தக் கட்டத்தில் 50 தட்டப் போகும்போது
விரல் கொஞ்சம் நிற்கிறது.
பாஸுக்கு முழுப்பேர் போட்டேன்.
இரண்டு வீடுகள் காத்திருக்கட்டும்.

ஒன்பதரைக்கு அகப்பட்டது.
வரிசை 118, மலசலகூடக் குழி.
'இதற்கு முன் தொடங்காதே' என்ற இடத்தில்
யாரோ கையால் திகதி தட்டியிருக்கிறார்கள்,
2026இல் இரண்டும் ஆறும் இடம் மாறி.
ஒரு குழிக்காக
இருபத்து நான்கு வீடும் 2062 வரை காத்து நின்றன.
இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம்:
திகதியைத் தட்டாதே.
எத்தனை நாள் என்று சொல், எதற்குப் பின் என்று இணை.
திகதி தானாக வரும்.

அழித்தேன். நீலப் பட்டைகள் எல்லாம்
பிரட்டுக்கு ஓடுகிற கூட்டம்போல
இடப்பக்கம் திரும்பி வந்தன.

அதோடு படுத்திருக்கலாம்.
விட்டுப்போன இணைப்புகளையும் போட்டு வைப்போமே என்று
மேசையிலிருந்த கடிதங்களை எடுத்தேன்.
குழாய் போட, பாதை முடிய வேண்டும்.
பாதை போட, காணி உறுதி வேண்டும்.
உறுதி எழுத, ஆட்கள் குடியேற வேண்டும்.
குடியேற, தண்ணீர் வேண்டும்.
நாலாவது கோட்டை இழுத்ததும்
நடுத்திரையில் ஒரு பெட்டி:
'இவ்விணைப்பு வட்டமாகிறது. ஏற்க முடியாது.'

ஏழு பேர்ச் காணிக்கு
நாலு அலுவலகம், பதினொரு கடிதம்.
ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியைப் படம் பிடித்து
அறிக்கையின் முதல் பக்கமாய் வைத்தேன்.
திங்கட்கிழமை ஹேமால் ஒற்றையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்தப் பிழையைத் திருத்தவில்லையா?"
"மென்பொருளில் பிழை இல்லை, சேர்."

2063 என்று காட்டிய பிரதியை
இன்னும் அழிக்கவில்லை.
எதற்கும் இருக்கட்டும்.