நாரத்தைத் தோல்

கேப்டவுனில், போ-காப் மேட்டில்
ஞாயிறு விடிவது எண்ணெய் வாசத்தில்.
சுபுஹு பாங்கு முடிந்தும் தெரு புரண்டு படுக்கும்;
கதீஜா சாலியின் வாணலி காய்ந்த பிறகுதான்
கிண்ணங்களோடு கதவுகள் திறக்கும்.

கூசிஸ்டர் என்பார்கள்.
சோம்பும் ஏலமும் பட்டையும் பிசைந்த மாவு
எண்ணெயில் ஒரு புரளல், பாகில் ஒரு முழுக்கு,
தேங்காய்த் துருவலில் உருண்டு வெளியே வரும்,
குளித்துப் பவுடர் போட்ட குழந்தை மாதிரி.

அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில் காப்பி வறுப்பவள் நான்.
இந்த மாத வாடகை இன்னும் தரவில்லை.
காரணம் மூலையில் நிற்கிறது:
அறுபது கிலோ மூட்டை, சுலவேசித் தீவின்
தொராஜா மலைக்கொட்டை.
விற்றவரே வந்திருக்கிறார்,
கண்காட்சி பார்க்கவும் மீதிப் பணம் வாங்கவும்.

யோஹானிஸ் பாசுலு.
சிறிய உருவம், பெரிய கைக்கடிகாரம்.
"ருசி பார்த்துவிட்டு விலை பேசலாம்" என்றேன்.
ஐந்து கிண்ணத்தில் பொடி, மேலே வெந்நீர்.
நான்கு நிமிடம் தொடக்கூடாது.

அதற்குள் கதீஜா இறங்கி வந்துவிட்டாள்,
ஒரு கையில் தட்டு, மறுகையில் தாள்.
தட்டில் ஆறு கூசிஸ்டர்.
தாளில் ஒரே வரி, ஆவணக் காப்பகத்து நகல்:
'மக்காஸார் சலமோன், வயது பதினான்கு,
விலை எண்பது ரிக்ஸ்டாலர்.'
"ஏழு தலைமுறைக்கு முன் எங்கள் ஆள்.
உங்கள் ஊர்க்காரன்.
சாப்பிடுங்கள், இது உங்கள் ஊர்ப் பலகாரம்தான்."

கடித்தார். மென்றார்.
நாங்கள் அவர் தாடையையே பார்த்திருந்தோம்.
"நன்றாக இருக்கிறது," என்றார்.
"ஆனால் எங்களிடம் இப்படி ஒன்று கிடையாது."

ஆறிய பாகு போல் இறுகியது அவள் முகம்.

"தெரிமா காசி" என்று தட்டை நீட்டினார்.
"த்ராமகாசி" என்றாள் இவள், யோசிக்காமல்.
நன்றி.
இருவரும் அப்படியே நின்றார்கள்.
ஒரே அச்சில் வார்த்த இரண்டு காசு,
ஒன்று மட்டும் தேய்ந்திருந்தது.

பிறகு, மெதுவாக:
"நான் மலைக்காரன். மக்காஸார் எங்களுக்குத் துறைமுகம்,
பேருந்தில் ஒன்பது மணி நேரம்.
மலையில் பிடித்தவர்களைக் கட்டி இறக்கி
அங்கேதான் விற்றார்களாம்.
தாளில் இருப்பது அவன் பிறந்த ஊரா
கபாலில் ஏற்றிய ஊரா, எனக்குத் தெரியாது."

கபால்.
நம் கப்பல்தான்.
எவ்வளவு தூரம் போயிருக்கிறது நம் சொல் என்று
வேறொரு நாளாக இருந்தால் பூரித்திருப்பேன்.

மணி அடித்தது.
கரண்டியின் முதுகால் மேலே கட்டிய ஏட்டை உடைத்தேன்.
ஈர மரம், மண், அடியில் லேசாகப் புகை.
உறிஞ்சினேன், துப்பினேன்.
"மூன்றாம் கிண்ணத்தில் பூசண வாடை.
கிலோவுக்குப் பதினைந்து ராண்ட் குறையுங்கள்."
"பத்து."
"பன்னிரண்டு."
தலையாட்டினார். தலையாட்டலுக்கு
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவர் போன பின்பும் கதீஜா
தாளை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தாள்.
ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்:
"மாவில் கடைசியாக ஒரு கசப்பு வருகிறதே, என்ன அது?"
"நார்ச்சித் தோல். காயவைத்து இடித்தது.
அது மட்டும் எங்கள் சொல், எங்கள் பழம்."

நாரத்தை, என்றது நாக்கு
பல்லுக்கு உள்ளேயே.
சொல்லவில்லை.
ஒரு காலைக்கு ஒரு இழப்பு போதும்.

ஐந்தாவது கூசிஸ்டரைப் பிய்த்து
தொராஜாவில் தோய்த்தேன்.
"எங்கே, எனக்கும் ஒரு வாய்" என்று கிண்ணத்தை இழுத்தாள்.
வாடகை பற்றி இன்று அவள் கேட்கவில்லை.