முகவரி

ஹட்டன் கிளையில் இரண்டாவது மேசை என்னுடையது.
திரை கேட்கும், நான் தட்டுவேன்.
மூன்று நொடியில்
பச்சையோ சிவப்போ வந்துவிடும்.

ராஜமலருக்குச் சிவப்பு.
சினைப்பசு ஒன்று வாங்க இரண்டு லட்சம் கேட்டிருந்தாள்.
நகைக்கடையில்கூட ஒரு சதம் பாக்கியில்லாதவள்.
காரணத்தை அழுத்தினேன்:
இம்முகவரியில் பதினான்கு நிலுவைகள்.

இம்முகவரியில்
இருபத்திரண்டு காம்பரா இருப்பதை
அதற்கு யார் சொன்னது?
தோட்டத்தின் பெயர், கீழ்ப்பிரிவு, அவ்வளவுதான்.
கடிதங்களும் ஆபீசில் ஒரே கட்டாய்த்தான் கிடக்கும்.
தகரக் கூரை ஒன்று, பீலி ஒன்று,
ஆகவே ஆளும் ஒன்று என்று
கூட்டி முடித்துவிட்டது.

கொழும்புக்கு அழைத்தேன்.
"சிஸ்டம் சொன்னா சொன்னதுதான், மிஸ்.
நாங்க அதுல கைவைக்கிறதில்ல."
பின்னால் யாரோ
பிளேன்டீ கலக்கும் கரண்டிச் சத்தம்.

எல்லோரும் போனபின்
குடிசன மதிப்பீட்டுக்கு வந்தவர்
அவள் கதவில் ஒட்டிப்போன எண்ணைக் கேட்டு வாங்கி
முகவரிக்கு முன்னால் சேர்த்தேன்.
பச்சை.

திருத்தினேனா, பொய் எழுதினேனா?
நோர்வூட் வரைக்கும் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்தபடி யோசித்தேன்.
எனக்கும் அந்த மாதம் இலக்கு எட்டியிருந்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது செவ்வாய்தோறும்
தவணைப் புத்தகத்தோடு அந்தப் படிகளில் ஏறுகிறேன்.
நூற்றுக்கு இருபத்தெட்டு வட்டி.
பசு இன்னும் ஈனவில்லை.
தட்டுகிறேன்.
உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு
யாரும் இல்லாதது போல் நிற்கிறாள் ராஜமலர்.

கதவில் எண் இருக்கிறது.
முகவரி மிகச் சரி.