கொடுப்பாள்

ஃப்ரைபுர்க்கில்
அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தார் கண் மருத்துவர்.
இரண்டு வில்லைகளின் பின்புறத்திலும்
முக்கோணமாய் ஒரு வெண்மை,
அரிசி நொய் அளவு.
"குருடாக மாட்டாள்" என்றார்.
"ஆனால் கொடுப்பாள்."

பெர்னாவ் வரை ரோஸ்விதா பேசவில்லை.
பின்கூண்டில் கயல்
மருந்தில் விரிந்த கண்மணிகளோடு
எதிரே வந்த லாரிகளைப் பார்த்துக் குரைத்தாள்.

சங்க விதிப்படி ஒவ்வோர் ஈற்றுக்கும் ஓர் எழுத்து.
'கே' முறை வந்த வருடம்
ரோஸ்விதா பேனாவை என்னிடம் நீட்டினாள்.
கயல், குருவி, கொம்பன், கரிச்சான்.
பின்னங்காலால் தரையைக் கிளறிக்கொண்டே இருந்த ஐந்தாவதற்குக்
கோழி.
பதிவாளர் எழுத்தெழுத்தாய்க் கேட்டு எழுதினார்,
ழகரத்துக்கு மட்டும் மூன்று நிமிடம்.

கயலுக்கு மீன்கண் என்று நான் வைத்த பெயர் அது.
ஒன்று நீலம், ஒன்று பழுப்பு.
பதினோரு மாதத்தில் முன்கயிற்றில் கட்டினோம்.
ரோஸ்விதாவின் 'ஜீ', 'ஹா' இரண்டும் தெரியும்,
பதற்றத்தில் என் வாயில் வரும்
"அந்தப் பக்கமடி, மூதேவி"யும் தெரியும்.

முதல் ஈற்றில் ஆறு:
மிளகு, மத்து, முறம், மைனா, மொச்சை, மருது.
இரண்டாவதில் ஐந்து:
நெல்லி, நத்தை, நுங்கு, நாவல், நொச்சி.
பதினொன்றும் அதைச் சுமக்கின்றன.
பத்து வீடுகளுக்குத் தொலைபேச வேண்டும்.

மிளகின் வீட்டுக்காரர் ராவன்ஸ்புர்க்கில் கசாப்புக்கடைக்காரர்,
பாதி விலையைத் திருப்பிக் கேட்டார்.
முழுதாய் அனுப்பினோம்.
நுங்கை வாங்கிய கூர் நகரத்து ஆசிரியர்
"வெள்ளிக்கிழமை இணை சேர்ப்பதாய் இருந்தேன்" என்றார்.
பிறகு "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் இன்னொரு முறை.
வோஜ் மலையில் முறத்தின் எண் அறுந்திருந்தது.
கடிதம் போட்டோம், திரும்பி வந்தது,
உறையில் யாருடைய கையெழுத்தோ: இங்கே இல்லை.
மைனா சென்ற மார்ச்சில் செத்துப்போயிருந்தான்,
யாரும் எங்களிடம் சொல்லவில்லை.
நத்தையை வளர்க்கும் பெண் எல்லாம் கேட்டுவிட்டுக்
கருவியை அவன் மூக்கருகே வைத்தாள்.
வெகுநேரம் மூச்சு கேட்டது.
நானும் வைக்காமல் இருந்தேன்.

நெல்லிக்கு யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.
அவள் எங்கள் கொட்டிலில்.
டிராம்சோவில் ஓர் ஆண் நாய் பேசி,
முன்பணமும் கட்டியிருந்தோம்.
பதினாறு வருடமாய் ரோஸ்விதா எழுதிவரும் வம்சப் பேரேட்டில்
அந்தக் கட்டத்தை அடித்தாள்.
பென்சிலால்.
இவளுக்கு மை எங்கே தீர்ந்தது என்று
நான் கேட்கவில்லை.

இன்று அக்டோபர், பனி இல்லை.
விடியுமுன் ஆறு டிகிரி,
நாய்களுக்கு இதுவே சூடு.
நாலு சக்கர வண்டியைப் பைன் மரத்தில் கட்டிவிட்டு
எட்டுப் பேருக்கும் வார் மாட்டுகிறோம்.
நகத்திடையில் சேறு.
தோப்புக்குள் நெற்றிவிளக்கு தொடாத இருட்டு.

பேரேட்டில் அடுத்த எழுத்து 'ஓ'.
எந்தத் தாய் என்று தெரியாது.
ஒரு பெயரும் தோன்றவில்லை.

கயல் முன்கயிற்றில் எம்பி எம்பிக் குதிக்கிறாள்.
திரும்பி என்னைப் பார்க்கிறாள்,
நொய்யளவு குறைத்து.
ஊளை.
அவிழ்த்துவிடச் சொல்கிறாள் முடிச்சை,
இவ்வளவு நேரமா.