சிறுபோகக் கூட்டம், பங்குனி

குளத்தில் பதினொரு அடி மூன்று அங்குலம்.
கூட்டக் குறிப்பில் அதைத்தான் முதலில் எழுதினேன்,
வந்தோர் பெயருக்கும் முன்னால்.

அறுநூறு ஏக்கர் வயல். தண்ணீர் தொண்ணூறுக்குத்தான் என்றார்
நீர்ப்பாசனத் திணைக்களத்துத் தம்பி, போனில் கணக்குப் போட்டு.
நூற்றைம்பது என்றது தலைவாய்க்கால்.
எப்படியும் எங்களுக்கு வராது என்றது கடைவாய்க்கால்.
இங்கே கட்சி பிரிக்கும் முன்னமே
வாய்க்கால் பிரித்துவிடும் ஆக்களை.
பேரின்பநாதன் மகளுக்கு மாப்பிள்ளை எடுத்ததும்
மூன்றாம் கிளைக்கு மேலேதான்.

நகுலேஸ்வரி எழும்பினா:
"நாங்கள் முகாமில இருக்கேக்க
கட்டு உடைச்ச தண்ணி முழுக்க
என்ர காணிக்குள்ளாலதான் போனது.
அப்ப ஒருத்தரும் பங்கு கேக்கேல்லை."
யாரோ சிரித்தார்கள். பிறகு இல்லை.

அந்த மாரியில் கூட்டம் கூட ஆளில்லை,
துருசு திறக்க ஆளில்லை.
குளம் தானே தீர்மானித்து
வடக்கு மூலையால் இறங்கி
தன் பழைய ஆற்றைத் தேடிப் போனது.
போன வழியில் போட்ட மணல்மேட்டில்தான்
இப்போது வீட்டுத்திட்டம், பள்ளிக்கூடம்,
நாங்கள் இருந்து சண்டைபிடிக்கும் இந்த மண்டபம்.

ஐந்தரைக்கு முடிந்தது. எண்பத்திரண்டு ஏக்கர்.
குளத்தடி வயலிலேயே எல்லோருக்கும் பங்கு,
குடும்பத்துக்கு அரை.
தலைவாய்க்கால் வைத்த கையெழுத்தில்
மற்றப் பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறது.
தன் வயலில் அடுத்தவன் நட
வரம்பில் நிற்கவேண்டும் அவர்கள்.

போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி
அளவுகோலைப் பார்த்தேன்.
பதினொரு அடி, இரண்டே முக்கால்.
நாங்கள் கதைத்து முடிக்க
கால் அங்குலம் வெயிலுக்கு.

குறிப்பைத் திருத்தவில்லை.