அரைப்புள்ளி

சேவுகன் ஈரச்சாக்கை மேசைமேல் வைத்தார்.
சாக்கு தானாக நகர்ந்தது.
"பள்ளத்தூர்க் கண்மாய் மடைக்குள்ள கெடந்துச்சு.
கிலோ நானூறு. புழு இருந்தா அது இனாம்."

பதினேழாவது விலாங்கு.
ஐஸில் மயங்கவிட்டு வயிற்றைக் கீறினேன்.
காற்றுப்பையைத் தொட்டாலே தெரிந்துவிடும்
காலி வீடா குடித்தனமா என்று.
குடித்தனம்தான்.
பேனா ரீஃபில் கனம்,
குடித்த ரத்தத்தில் கறுத்துப்போன
ஒற்றை ஆண்.

சூடான ஸ்பிரிட்டில் விட்டால் உடம்பை நீட்டிக்கொள்ளும்.
கிளிசரினில் இரண்டு நாள் கிடந்தால்
ஒளித்து வைக்க அதனிடம் எதுவும் மிஞ்சாது.

வாலடியில் முனைப்புகள்:
புத்தகத்தில் ஆறு ஜோடி,
நான் எண்ணியது ஏழு.
திரும்ப எண்ணும்போது கரண்ட் போனது.
நுண்ணோக்கியை ஜன்னலுக்குத் தூக்கிப் போய்
காரைக்குடி வெயிலைக் கண்ணாடியில் பிடித்து
எண்ணினேன்.
ஏழு.

"தூசியா இருக்கும்மா" என்றார் நெறியாளர், போனில்.
தூசி ஜோடி ஜோடியாகவா உட்காரும்?

"இருந்தாலும் ஒத்தை ஆணை வச்சுப் புது இனம்னு எழுத முடியாது.
பொண்ணைக் கண்டுபிடி."

எங்களில் கல்யாணம் ஆனால்தான் கணக்கு.
கோயில் ஏட்டில் இருவர் சேர்ந்து ஒரு புள்ளி,
ஒருவர் போய்விட்டால் அரை.
முப்பத்திரண்டு வயதாகும் உமையாள்
அந்த ஏட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.
குப்பிக்குள் கிடப்பவனுக்கு
அரையாவது தேறும்.

பெயர் மட்டும் முன்கூட்டியே யோசித்தேன்.
முதல் பாதி குடும்ப விலாசம், அதில் கைவைக்க முடியாது.
பின்பாதி நம் இஷ்டம்.
நெறியாளர் பெயர் வைக்கலாம்,
ஆய்வகத்துக்கு ஏ.சி. போட்டுத் தந்தவர் பெயர் வைக்கலாம்.
என் பெயரை நானே வைப்பது மரியாதையில்லை.

"எம்பேரையா? புழுவுக்கா?"
சேவுகன் சிரித்து, பீடியைக் காதில் செருகிக்கொண்டு போனார்.
மறுநாள் காலையில் வந்து கேட்டார்:
"அது இங்கிலீசுல எப்படி எழுதுவாக?"

சித்திரையில் கண்மாய் வெடித்துக் கிடந்தது.
வேறு கண்மாய்கள், வேறு மடைகள்,
இருபத்து மூன்று விலாங்குகள்.
எல்லாம் காலி வீடு.
அல்லது ஆறு ஜோடிக்காரர்கள், புத்தகத்தில் இருப்பவர்கள்.

ஐப்பசி அடைமழையில் நாற்பத்தொன்றாவது.
அவசரப்பட்ட என் கத்தரி
பையோடு சேர்த்து அவளையும் நறுக்கியது.
பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற பிராணிக்குள்
குடியிருந்தவள்
எனக்குத் தலையை மட்டும் காட்டினாள்.
மீதிப் பாதியைத் தட்டிலும் தரையிலும்
முழங்காலிட்டுத் தேடினேன்.
முட்டைகள் இருந்தன, கண்ணுக்கே தெரியாத பொடியாக,
ஆயிரக்கணக்கில், என் கையுறை முழுக்க.

'பெண்: முன்பகுதி மட்டும். வால் கிடைக்கவில்லை.'
எழுதி, தேதி போட்டு,
இரண்டு குப்பிகளையும் ஒரே பெட்டியில் வைத்தேன்.

வாசலில் சேவுகன் காத்திருந்தார்.
"புழு எடுத்தாச்சுல்ல?"
தோலுரித்த விலாங்கைத் தூக்குவாளியில் போட்டு
மழையோடு மழையாகப் போனார்,
ராத்திரிக் குழம்புக்கு.