அரை மணி முன்னதாக

ஏப்ரல் கடைசி. நான்தாலித் துறையில்
பனிக்கட்டி உடைந்து போய் ஒன்பது நாள்.
படகுகள் இன்னும் கரையில்தான்,
இரும்புக் கால்கள் முட்டுக்கொடுக்க
சரளைக் கற்கள் மேல் நிற்கின்றன.

என்னிடம் ஒரு நோட்டு. நடுவே கோடு கிழித்திருந்தேன்.
இடப்பக்கம் முப்பத்துநான்கு அடி, வெள்ளை,
வயது பதினெட்டு, அறுபத்திரண்டாயிரம் யூரோ.
வலப்பக்கம் முப்பத்தாறு அடி, கருநீலம்,
நாற்பது தாண்டிவிட்டது, நாற்பத்தோராயிரம்.
வார்டில் இருபத்தாறு வருடம் இரவுப் பணி பார்த்து
அட்டவணை போட்டே பழகிய கை.
எஸ்கில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு
நான் சொன்ன இடத்தில் நின்றான்.

வெள்ளைப் படகின் ரந்தலா
எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தார்,
முட்கரண்டி போடும் இழுப்பறை உட்பட.
என்ஜின் எண்ணூறு மணிதான் ஓடியிருக்கிறது.
பாய் சுருட்டும் உருளை புதிது.
கழிப்பறையில் உட்கார்ந்து பார்த்தேன்,
முழங்கால் கதவில் இடித்தது. எழுதிக்கொண்டேன்.
அடுப்பின் முன் நின்று
படகு இருபது பாகை சாய்ந்தால் என்ன ஆகும் என்று
நானே சாய்ந்தேன்.
பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.
ரந்தலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருநீலத்தில் ஏற ஏணி.
மைலென் அதைப் பிடித்தபடி கீழேயே நின்றார்.
ஒழுகுமா என்றேன்.
"ஒழுகும். வடமேற்கு மழைக்கு மட்டும்.
எந்த வழியாக என்று இருபது வருடமாகத் தேடுகிறேன்."

ஆய்வாளர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார்,
சந்தையில் பானை வாங்குகிறவர் போலக் காதைச் சாய்த்து.
டக். டக். டக்.
சுக்கான் அருகே ஒரு தொப்.
திரும்பத் தட்டினார். தொப்.
"அது இரண்டாயிரம் யூரோ தொப்," என்றார்.

ஆனாலும் அந்த நீண்ட அடிக்கட்டை,
மூன்று டன் ஈயம்.
அடுப்பருகே குறுக்காக ஒரு தோல் வார்,
யாரோ ஒருவரின் இடுப்பு
தேய்த்துத் தேய்த்து மினுக்கியது.
சாய்ந்தேன். தாங்கியது.
மனசு அப்போதே வலப்பக்கம் சரிந்துவிட்டது,
நோட்டு மட்டும் நடுநிலை வகித்தது.

"ஏன் விற்கிறீர்கள்?"
"என் வீட்டுக்காரருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.
போன கிறிஸ்துமஸுக்குத்தான் வாயைத் திறந்தார்.
இருபத்திரண்டு கோடை
ஒளித்து ஒளித்து மாத்திரை விழுங்கிவிட்டு
எனக்குக் காபி போட்டுத் தந்திருக்கிறார், பாவி."
கோபமா சிரிப்பா, பிடிபடவில்லை.
ஏணி லேசாக ஆடியது.

திரும்பும் வழியில், ரைசியோ சிக்னலில் கேட்டேன்:
எஸ்கில், உனக்குப் படகு வேண்டுமா?
பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.
அடுத்த சிவப்பில் சொன்னான்:
"போவது அவ்வளவாக இல்லை.
போய்ச் சேர்வது பிடிக்கும்.
கயிறு கட்டி முடித்த அந்த ஐந்து நிமிடம்.
நீ பாயை மடித்துக்கொண்டிருப்பாய்,
கரையில் யாரோ சௌனா மூட்டியிருப்பார்கள்,
பிர்ச் விறகுப் புகை வரும்."
வைப்பரைப் போட்டான். மழையே இல்லை.

முப்பத்தோரு வருடக் குடித்தனம்.
எத்தனை துறையில் இவனை
நங்கூரத்தைப் பார் என்று அதட்டியிருப்பேன்.

இரவு, விளக்கடியில் கணக்குப் போட்டேன்.
நௌவோவிலிருந்து ஊத்தோ தீவு முப்பது கடல் மைல்.
நடுத்தரக் காற்றில் கருநீலத்துக்கு ஆறு மணி நேரம்.
வெள்ளைக்கு ஐந்தரை.
கோட்டை அழித்துப் பார்த்தேன், பேனாக் கோடு, போகவில்லை.

காலையில் ரந்தலாவுக்குப் போன்.
ஐம்பத்தேழாயிரம் என்றேன். தயங்கினார்.
தயங்கட்டும்.

பிறகு மைலெனுக்கு.
வருத்தம் சொல்லிவிட்டு, கூச்சத்தோடு,
அந்தத் தோல் வாரை மட்டும் தருவீர்களா என்றேன்.
உங்கள் இடுப்பு பட்டுத் தேய்ந்தது, தெரியும்.

"என்னுடையதா? நான் எங்கே சமைத்தேன்?
அது அவர் சாய்ந்து நின்ற வார்," என்றார்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.
"திருகெல்லாம் துருப்பிடித்திருக்கும்.
நீங்களே வந்து கழற்றிக்கொள்ளுங்கள்."